அக்கா சொன்ன சொல்லும் கணிப்பொறி எழுதிய சொல்லும்

கணிப்பொறிக்குச் சாதி கிடையாது என்று போன ஆண்டு ஒரு பயிற்சி முகாமில் நண்பர் ஒருவர் பேசினார். நல்ல மனுஷன். எங்கள் வீடுகளில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர், எங்கள் வழக்குகளுக்குக் கைக்காசு செலவழித்துக் கோர்ட்டில் வந்து நிற்கிறவர். அதனால்தான் அவரோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. எதிரி சொல்லியிருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன்.

அவர் பேச்சின் சாரம் இது. தட்டச்சு பழகினவன்தான் கணிப்பொறியைத் தொடலாம் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. ஆங்கிலம் தெரிந்தவன்தான் தொடலாம் என்ற காலமும் போயிற்று. மடிக்கணினியைத் திறந்து தமிழில் பேசு, அது எழுதும். எழுதினதை ஒழுங்காக்கு என்று சொல், ஒழுங்காக்கும். மனுவாக மாற்று என்றால் மனு, கவிதையாக்கு என்றால் கவிதை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத கிழவிகூட இனி கலெக்டருக்கு மனு எழுதலாம், வாய் இருந்தால் போதும். கேட்கிற பொறிக்கு இவள் ஊரா சேரியா என்று தெரியாது, அதற்கு எல்லாக் குரலும் ஒன்றுதான். இப்படிச் சொல்லி முடித்தபோது கூட்டம் பலமாகக் கைதட்டியது. நானும் தட்டினேன்.

மூன்று மாதம் கழித்து அந்தக் கைதட்டலை நான் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டி வந்தது. அந்தக் கதைக்குப் போவதற்கு முன், நான் ஏன் தட்டினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

2012இல் பி.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தபோது அரசு கொடுத்த இலவச மடிக்கணினி என் கைக்கு வந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. பையில் முதலமைச்சர் படம். எங்கள் தெருவில் அதுவரை மேசை என்ற ஒன்று இருந்த வீடே கிடையாது. கணிப்பொறி வந்துவிட்டது, வைக்க இடமில்லை. ரேஷன் அரிசி மூட்டைமேல் வைத்தேன், பிறகு மடியில் வைத்தேன். மேசை இல்லாதவனுக்கென்றே பெயர் வைத்ததுபோல மடிக்கணினி!

ஆனால் திறந்து பார்த்தால் திரையில் என்ன இருக்கிறது? மேசை. மேசைமேல் கோப்புகள், கோப்புகளைப் போட்டு வைக்க உறைகள், ஓரத்தில் குப்பைத்தொட்டி. இது தற்செயலாக வந்தது இல்லை. அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் 1973இல் ஆல்டோ என்ற கணிப்பொறி உருவானது. 1981இல் அதே நிறுவனம் ஸ்டார் என்ற கணிப்பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆபீசில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிற ஒருவரை மனதில் வைத்து, அவர் மேசையில் இருப்பதையெல்லாம் படமாக வரைந்து திரையில் வைத்தார்கள். 1984இல் மெக்கின்டாஷ் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தது. விண்டோஸும் அதே வழியில் வந்தது. ஆக, உலகத்தில் கணிப்பொறியைத் திறக்கிற ஒவ்வொருவனும் ஒரு குமாஸ்தாவின் நாற்காலியில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

எங்கப்பனுக்கு மேசை என்றால் வி.ஏ.ஓ. ஆபீஸ் மேசை. நாலடி தள்ளி நிற்க வேண்டும். துண்டு கக்கத்தில் இருக்க வேண்டும். மனுவைக் கையில் கொடுக்கக் கூடாது, மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் பின்வாங்க வேண்டும். அந்த மேசை இப்போது மகனுடைய மடியில் கிடந்தது. முதல் நாள் ராத்திரி பக்கத்தில் குந்திக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "இதுக்குள்ள பைலெல்லாம் இருக்குதா? நம்ம பைலும் இருக்குதா?" வீட்டுமனைப் பட்டாவுக்குப் பதினோரு வருஷமாக அலைந்துகொண்டிருந்த ஆள். நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புக்காக என் கன்னத்தில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. கணிப்பொறியைப் பற்றி இதுவரை நான் கேட்ட கேள்விகளில் ஆகச் சரியான கேள்வி அதுதான்.

விசைப்பலகைக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. உயிரெழுத்து இடக்கைக்கு, மெய்யெழுத்து வலக்கைக்கு என்று ஒரு விசைப்பலகையை அரசு தரப்படுத்தியது. 2010இல் ஒருங்குறியை அரசு ஏற்றுக்கொண்டது. நல்ல காரியங்கள்தான். இருந்தும் என் வயதுக்காரர்களில் பெரும்பாலோர் ஆங்கில எழுத்தில் ஏ, எம், எம், ஏ என்று அடித்துத்தான் அம்மாவை வரவழைக்கிறோம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் பணம் கட்டி லோயர், ஹையர் பாஸ் செய்தவர்கள் யார், எந்தத் தெருக்காரர்கள் என்று அவரவர் ஊரில் எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு தொடுதிரை வந்தது. தொட்டால் இயங்கும் என்றபோது எனக்குள் ஒரு சந்தோஷம். நம்மைத் தொட்டால் தீட்டு என்று சொன்ன நாட்டில், யார் தொட்டாலும் முகம் சுளிக்காத ஒரு கண்ணாடி! அந்தச் சந்தோஷமும் முழுசாக இல்லை. உடம்பின் மின்சாரத்தை உணர்ந்து வேலை செய்கிற கண்ணாடி அது. காய்த்துத் தடித்துப்போன விரலை, காய்ந்து வெடித்த விரலை அது சில நேரம் உணர்வதில்லை. மண்ணிலும் சுண்ணாம்பிலும் பிளீச்சிங் பவுடரிலும் ரேகை தேய்ந்துபோன கையைக் கைரேகைப் பொறியும் ஏற்பதில்லை. எந்த வேலை செய்த கை அது என்று பொறிக்குத் தெரியாதுதான். தெரியாமலே ஒதுக்குகிறது. தெரியாமல் ஒதுக்கினால் ஒதுக்கல் இல்லை என்று ஆகிவிடுமா?

அடுத்ததாக வந்ததுதான் பேச்சு. 2017 ஆகஸ்டில் கூகுள் தன் பேச்சுத் தட்டச்சில் தமிழைச் சேர்த்தது. 2022 நவம்பர் 30இல் சாட்ஜிபிடி வெளியானது, அதற்கப்புறம் அதே மாதிரி இன்னும் பல. கையை எடுத்துவிட்டு வாயால் கணிப்பொறியை நடத்துகிற காலம். கட்டளை போடுவதும் போய், அதோடு உரையாடுகிற காலம். எங்கள் ஜனங்களுக்கு எழுத்துதான் மறுக்கப்பட்டது, பேச்சை எவனாலும் பிடுங்க முடியவில்லை. அப்படியிருக்க, பேச்சே எழுத்தாகும் என்றால் நான் கைதட்டாமல் என்ன செய்வேன்?

இனி அந்த மூன்றாவது மாதத்துக்கு வருகிறேன்.

ஒரு பேரூராட்சியில் குப்பை வண்டி தள்ளுகிற அக்கா ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். துப்புரவுப் பணியாளர் என்றிருந்த பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று அரசு மாற்றிவிட்டது, வண்டியும் நாற்றமும் மாறவில்லை. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து வாங்கச் சொல்லி மேலதிகாரி உத்தரவு. பிரித்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்டதற்கு ஒரு வீட்டுக்காரன் நடுத்தெருவில் நாலு பேர் பார்க்க அக்காவைத் திட்டியிருக்கிறான். புகார் எழுத வேண்டும்.

எனக்கு முகாமில் கேட்டது ஞாபகம் வந்தது. மடிக்கணினியைத் திறந்து, ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்தி, அக்கா பக்கம் திருப்பி வைத்தேன். "நீங்க சொல்லுங்கக்கா, இது எழுதிக்கும்." அக்கா முதலில் கூச்சப்பட்டார். அப்புறம் சொல்லத் தொடங்கினார்.

"குப்பையப் பிரிச்சுக் குடுங்கன்னுதான் கேட்டனுங். அதுக்கு அந்தாளு, ஏண்டி சக்கிலி நாயே, எனக்கே சட்டம் பேசறயாடின்னு கேட்டானுங்..."

திரையில் எழுத்து ஓடியது. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவார். நான் படித்தேன். "ஏண்டி சங்கிலி நாயே" என்றிருந்தது.

திரும்பச் சொல்லச் சொன்னேன். அக்கா திரும்பச் சொன்னார். தன்னை அவமானப்படுத்திய சொல்லை ஒரு பொட்டிக்கு முன்னால் இரண்டாம் தடவை சொன்னார். திரும்பவும் சங்கிலி. மூன்றாம் தடவை சத்தமாகச் சொல்லச் சொன்னேன். பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சங்கிலியேதான். வேறொரு செயலியில் முயன்றேன். அது அந்த இடத்தில் மூன்று நட்சத்திரம் போட்டது. கெட்ட வார்த்தை வந்தால் மறைத்துவிட வேண்டும் என்று பழக்கியிருப்பார்கள் போல. மூன்றாவதாக ஓர் உரையாடல் பொறியில் நானே விஷயத்தை எல்லாம் சொல்லி, புகார் மனுவாக எழுதிக் கொடு என்றேன். அழகாக எழுதிக் கொடுத்தது. "மேற்படி நபர் என்னைத் தகாத வார்த்தைகளால் பேசி மன உளைச்சலுக்கு ஆளாக்கினார்." கடைசி வரியில், "இவ்விஷயத்தில் சுமுகத் தீர்வு காண ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." யார் கேட்டார்கள் சுமுகத்தை? கட்டப்பஞ்சாயத்து பேசுகிற ஊர்ப் பெரியதனக்காரன் கணிப்பொறிக்குள்ளும் புகுந்து உட்கார்ந்துவிட்டானா?

ஒரு சொல்தானே, திருத்திக்கொண்டால் போயிற்று என்று வாசிக்கிற மாணவத் தோழர்கள் நினைக்கலாம். அந்த ஒரு சொல்லின் விலையைச் சொல்கிறேன்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. 2015இல் திருத்தப்பட்டு, திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 3(1)(எஸ்) பிரிவு, பட்டியல் சாதி, பழங்குடியினர் ஒருவரைப் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதைக் குற்றம் என்கிறது. குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை, அபராதம். பதினெட்டாம் பிரிவு முன்ஜாமீனைத் தடுக்கிறது. அந்தச் சொல் இல்லாமல் "தகாத வார்த்தைகளால்" என்று மட்டும் இருந்தால் என்ன ஆகும்? ஆபாசப் பேச்சு என்று போட்டுவிடுவார்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 294(பி). 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் 296. அதிகபட்சம் மூன்று மாதம், அல்லது ஆயிரம் ரூபாய்வரை அபராதம். ஆயிரம் ரூபாய் கட்டிவிட்டு அவன் மறுநாள் காலை அதே வாசலில் அதே குப்பையோடு நிற்பான். க் என்ற எழுத்து ங் என்று மாறியதற்கு ஐந்து ஆண்டுக்கும் ஆயிரம் ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம் விலை.

போலீஸ் ஸ்டேஷனில் இதே வேலையை ரைட்டர் செய்து பார்த்திருக்கிறோம். வாயால் சொல்வதை எழுதிக்கொண்டு, சொன்னவருக்கே படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995இல் ஐந்தாம் விதி சொல்கிறது. ரைட்டர் எழுதிவிட்டு அவசரமாகப் படிப்பார். "அசிங்கமாகத் திட்டினார்" என்று இருக்கும். என்ன சொல்லித் திட்டினான் என்பது போயிருக்கும். அந்த ரைட்டரோடு சண்டை போடலாம், அவர் பெயரைச் சொல்லி எஸ்.பி.க்கு மனு போடலாம். கணிப்பொறியோடு எப்படிச் சண்டை போடுவது? புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173ஆம் பிரிவின்படி இப்போது புகாரை மின்னணு வழியிலும் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட்டால் போதும். அதாவது, பேசி எழுதப்படுகிற புகார்கள் இனிப் பெருகத்தான் போகின்றன. வாய்க்கும் காகிதத்துக்கும் நடுவே ஒரு புது ரைட்டர் வந்து உட்கார்ந்தாயிற்று, சத்தமில்லாமல், பெயரில்லாமல்.

அந்தப் புது ரைட்டர் எப்படி எழுதுகிறது? ஆயிரக்கணக்கான மணி நேரப் பேச்சும் அதை எழுதிய எழுத்தும் ஜோடி ஜோடியாக அதற்கு ஊட்டப்படுகின்றன. எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்று கணக்குப் போட்டுக்கொள்கிறது. அதோடு நிற்பதில்லை. ஒலி ஐயமாக இருந்தால், பக்கத்தில் இருக்கிற சொல்லோடு எந்தச் சொல் அதிகம் சேர்ந்து வந்திருக்கிறது என்று பார்த்து, அதிகம் வந்ததை எழுதிவிடுகிறது. சங்கிலி, நாய் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் எத்தனை ஆயிரம் தடவை அச்சாகியிருக்கும்! நாயைச் சங்கிலியால் கட்டுவது தமிழில் எழுதப்பட்ட விஷயம். சக்கிலியை நாயே என்று கூப்பிடுவது தமிழில் தினமும் பேசப்படுகிற விஷயம், ஆனால் எழுதப்படாத விஷயம். பொறி எழுதப்பட்டதைத்தான் நம்பும். இதற்கு நிகழ்தகவு என்று பெயர் சொல்கிறார்கள். பெரும்பான்மை என்று நான் அதை வாசிக்கிறேன்.

நண்பரே, கணிப்பொறிக்குச் சாதி தெரியாது என்றீர்கள். உண்மை. அது தெரியாமல் இருப்பதுதான் இங்கே கொடுமை. அக்காவுக்கு நடந்தது என்ன என்று அதற்குத் தெரியவில்லை, அந்தச் சொல் இருக்கிறது என்றே அதற்குத் தெரியவில்லை. எங்க ஊர்ல சாதியெல்லாம் இல்லைங்க என்று சொல்கிற மேல்சாதிக்காரனின் தெரியாமைதான் இது.

இன்னொன்றும் நடந்தது. கோபம் தலைக்கேறினால் அக்காவுக்குத் தெலுங்கு வந்துவிடும். எங்கள் வீட்டு மொழி அது. கொங்குப் பக்கம் அருந்ததியரில் பலருக்கு வீட்டுக்குள் தெலுங்கு, சிலருக்குக் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். ஒரே மூச்சில் இரண்டும் கலந்து வரும். நான் எம்.ஏ. தமிழ் படித்தும் அம்மாவோடு சண்டை போடுவது தெலுங்கில்தான். பொறி என்ன கேட்கிறது? மொழியைத் தேர்ந்தெடு என்கிறது. தமிழா, தெலுங்கா, ஒன்றைச் சொல் என்கிறது. தமிழ் என்று வைத்தால் அக்காவின் அழுகை பாதி காணாமல் போகிறது. தெலுங்கு என்று வைத்தால், ஆந்திரக்காரர்கள் எழுதிய தெலுங்கைப் படித்து வளர்ந்த அதற்கு எங்கள் தெலுங்கு புரியவில்லை. கணிப்பொறித் தமிழை வளர்த்தவர்கள் தமிழ் வாழ்க என்றுதான் வளர்த்தார்கள், வாழட்டும். ஆனால் எந்த வீட்டில் பேசுகிற தமிழ், யார் வாயில் கலந்து வருகிற தமிழ் என்று யாராவது கேட்டார்களா?

இந்த இடத்தில் என்னையும் கூண்டில் ஏற்ற வேண்டும். ஏழெட்டு வருஷத்துக்கு முன், எம்.ஏ. முடித்த மிதப்பில் இருந்தபோது, இதே மாதிரி ஒரு புகாரை நானே எழுதினேன். கேட்டதை அப்படியே எழுத என் தமிழ்க் கை கூசியது. "இழிசொற்களால் ஏசினார்" என்று எழுதினேன். நல்ல தமிழ். விசாரணைக்கு வந்த அதிகாரி அந்த வரியைக் காட்டி, இதுல சாதி எங்கப்பா இருக்குது என்று கேட்டார். வழக்கு ஆபாசப் பேச்சாகச் சுருங்கியது. யாரும் என்னைத் திட்டவில்லை. பாதிக்கப்பட்டவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ஆக, தகாத வார்த்தை, இழிசொல், மன உளைச்சல் என்பதையெல்லாம் அந்தப் பொறி தானாகக் கண்டுபிடிக்கவில்லை. என் மாதிரிப் படித்தவர்கள் எழுதிக் குவித்த மனுக்களிலிருந்தும் செய்தித்தாள்களிலிருந்தும்தான் படித்துக்கொண்டிருக்கிறது. பல்கலைக்கழகத் தமிழ்த்துறையில் எனக்குக் கற்றுத் தந்த கூச்சம்தான் அதற்கும் கற்றுத் தரப்பட்டிருக்கிறது.

1990களில் தலித் எழுத்து தமிழில் வெடித்துக் கிளம்பியபோது கொச்சை, வசவு, இலக்கியம் ஆகாது என்று எத்தனை பேர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். 1992இல் பாமாவின் 'கருக்கு' பேச்சு மொழியிலேயே வந்து நின்றது. அந்தச் சண்டை முடிந்துவிட்டது, நாம் ஜெயித்துவிட்டோம் என்று கருத்தரங்குகளில் சொல்லிக்கொள்கிறோம். கணிப்பொறியில் 'கருக்கு' மொழியில் நாலு வரி அடித்துப் பாருங்கள். சொல்லுக்குச் சொல் கீழே சிவப்புக்கோடு விழும். பிழை, பிழை, பிழை. பண்டிதர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், அவருடைய சிவப்பு மையை எடுத்துப் பொறியின் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இதற்காக நான் கணிப்பொறியைத் தூக்கி எறி என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நம் பாட்டன்மார் என்னை மன்னிக்க மாட்டார்கள். அச்சு இயந்திரம் அவர்களுக்காகச் செய்யப்பட்டதா? 1893இல் இரட்டைமலை சீனிவாசன் பத்திரிகை தொடங்கினார். எந்தச் சொல்லால் ஏசினார்களோ அந்தச் சொல்லையே, 'பறையன்' என்று, அதற்குப் பெயராக வைத்தார். தகாத வார்த்தை என்று அவர் நட்சத்திரம் போடவில்லை. 1907 ஜூன் 19இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். பொறி வந்த காலத்திலேயே பொறியைக் கையில் எடுத்தவர்கள் நாம். பொறி எழுதியதுதான் சரி என்று அவர்கள் நம்பவில்லை, அவ்வளவுதான்.

இப்போது ஒரு விவாதம் எங்களுக்குள்ளேயே நடக்கிறது. மொசில்லாவின் காமன் வாய்ஸ் என்ற திட்டம் தமிழிலும் குரல்களைச் சேர்க்கிறது. திரையில் வருகிற வாக்கியத்தை வாசித்தால் போதும், விருப்பமுள்ள யாரும் கொடுக்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் இயங்கும் ஏஐ4பாரத் குழு இந்தியாவின் 22 அட்டவணை மொழிகளுக்குப் பேச்சுத் திரட்டுகிறது. நம் ஜனங்களும் குரல் கொடுத்தால் பொறி திருந்தும் என்கிறார்கள் தோழர்கள் சிலர். எழுதி வைத்த வாக்கியத்தை வாசிப்பதில் எங்கே திருந்தும்? படிக்கத் தெரியாத அக்கா எதை வாசிப்பார்? சரி, தானாகப் பேசுகிற பேச்சையே எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் வசவு, ஒப்பாரி, சண்டை, சாமியாட்டம் எல்லாவற்றையும் வாரிக் கொடுத்துவிட்டால், நாளைக்கு அந்தப் பொறி யாருக்குக் காது ஆகும்? நம் தெருவில் நடக்கிற கூட்டத்தைக் கேட்கவும் அதே காதுதானே பயன்படும்? எனக்கு இதில் முழுத் தெளிவு வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் சொல்வேன். கொடுப்பதென்றால் நாம் எழுதி, நாம் சரிபார்த்து, என்ன சொல் என்ன பொருளில் வந்தது என்று நாமே குறித்துக் கொடுக்க வேண்டும். சும்மா வாயைத் திறந்து காட்டிவிட்டு வருவதற்கு நாம் என்ன சந்தை மாடா, பல் பிடித்துப் பார்க்க?

அதுவரைக்கும் எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பேச்சைப் பொறி எழுதட்டும், நீண்ட கதைகளுக்கு அது உதவுகிறது, மறுக்கவில்லை. அதற்கு முன் சொல்பவரின் சம்மதத்தோடு குரலைத் தனியாகப் பதிவு செய்துகொள்கிறோம். திட்டிய சொல் வருகிற இடம், அடித்த இடம், இடம் நேரம் பெயர் வருகிற இடம், இவற்றைப் பொறியிடம் விடுவதில்லை, கையால் அடிக்கிறோம். வாக்குமூலத்தை ஒழுங்காக்கு, சுருக்கு, மெருகேற்று என்று எந்தப் பொறியிடமும் கேட்பதில்லை. அடித்து முடித்ததும் சொன்னவருக்கு உரக்கப் படித்துக் காட்டி, நான் சொன்னது இதுதான் என்று அவர் சொன்ன பிறகே அச்செடுக்கிறோம்.

அன்றைக்கும் அப்படித்தான் செய்தோம். ஒலிவாங்கியை அணைத்துவிட்டு நானே அடித்தேன். ச, க், கி, லி. கீழே சிவப்புக்கோடு விழுந்தது. இருக்கட்டும் என்று விட்டேன். படித்துக் காட்டினேன். அக்கா தலையாட்டிவிட்டு, "இன்னொருக்காப் படி கண்ணு" என்றார். படித்தேன்.

ஸ்டேஷனில் ரைட்டர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இந்த வார்த்தைய இப்படியே போடணுமாம்மா? சாதியச் சொல்லித் திட்டினார்னு எழுதுனாப் போதாதா?"

"அவஞ் சொன்னதுங்க. நானாச் சொல்லுல. அவன் வாய்ல வந்தது உங்க காயிதத்துல வராதுங்களா?"

மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். முதல் தகவல் அறிக்கையில் 3(1)(எஸ்) ஏறியது. நகல் கொடுக்க மறந்துவிட்டார்கள், விதியைச் சொல்லிக் கேட்டு வாங்கினோம். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அக்கா நகலை விரித்து, அந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னார். காட்டினேன். ரேகை தேய்ந்த விரலை அதன்மேல் வைத்து எண்ணினார்.

"நாலே எழுத்துத்தானா?" என்றார்.